மேல் போல்ட்டு

இதில் ஒரு சொல் பொய் என்றால், என் வாயில் மிச்சமிருக்கும் இரண்டு பல்லும் இதை எழுதி முடிப்பதற்குள் கொட்டிப்போகட்டும். பொய் சொல்லி எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. இந்த வயதில் யாரும் எனக்குப் பெண் கொடுக்கப்போவதில்லை, பதவி உயர்வும் வரப்போவதில்லை. நடந்ததை நடந்தபடி, கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம், டிராயிங் வாத்தியார் தன் பழைய காருக்கு அடியில் ஷெட்டுக் குழிக்குள் நின்றுகொண்டு, கொஞ்சம் முன்புதான் தளர்த்திவிட்டிருந்த போல்ட்டு மறுபடி இறுகியிருப்பதை விரல் நுனியால் அறிந்தார்.

முதலில் தன் விரலைத்தான் சந்தேகப்பட்டார். நியாயம்தான். காலையிலிருந்து அவை பட்ட பாடு அப்படி.

சாவியைத் திருப்பியதும் எஞ்சினை ஒரு சுழற்று சுழற்றிக் கிளப்பிவிடுகிற மோட்டார் ஒன்று எல்லாக் காரிலும் உண்டு. பட்டறைகளில் அதைச் செல்ஃப் என்பார்கள். வாத்தியார் அன்று மாற்றிக்கொண்டிருந்தது அதைத்தான். அதை எஞ்சினோடு பிடித்து வைத்திருப்பவை இரண்டே போல்ட்டு. கீழ் போல்ட்டு கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும், சொன்ன பேச்சு கேட்கும். மேல் போல்ட்டை யாரும் பார்த்ததில்லை. அதைப் போட்டவனே பார்த்திருப்பானா என்பது சந்தேகம். புகைக்குழாய்க்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் இருக்கும் சந்தில் முழங்கை வரை கையை விட்டு, மணிக்கட்டை வெளிப்பக்கமாக முறுக்கி, கன்னத்தைக் கியர் பெட்டியின் பிசுபிசுத்த வயிற்றில் அழுத்தி வைத்துக்கொண்டால், நடுவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் போய் அதன் தலையைத் தொடும். அதற்கப்புறம் கண்ணை மூடிக்கொள்வதுதான் நல்லது. திறந்து வைத்திருந்தால் அதில் துரு விழும்.

அப்படித்தான் அவர் அதை மூன்று சுற்று தளர்த்தியிருந்தார். ஸ்பேனரை மாற்றிப் போடக் கையை வெளியே எடுத்தார். மீண்டும் விட்டார். போல்ட்டு, பிறந்ததிலிருந்து அசைந்ததே இல்லை என்பதுபோல் உட்கார்ந்திருந்தது.

"சனியனே," என்றார் வாத்தியார்.

மறுபடி தளர்த்தினார். கையை எடுத்தார், நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்தார், விட்டார். இறுகியிருந்தது. இந்த முறை முன்பைவிட ஒரு கால் சுற்று அதிகமாக.

அந்தக் குழியை அவரே ஒரு விடுமுறையில் வெட்டினார். தெருவில் ஆளுக்கொரு பேச்சு. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், செப்டிக் டேங்கா?" என்று கேட்டதை அவர் இன்றுவரை மன்னிக்கவில்லை. மெக்கானிக் எவனும் தன் வண்டியைத் தொடக்கூடாது என்பது அவர் கொள்கை. தொட்டால் கெட்டுவிடும் என்பார். தொடாமலே அது கெட்டுப்போனது வேறு விஷயம்.

செல்ஃப் கெட்டுப் பல வருஷமாகிவிட்டது. சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். ஆனால் அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து ஒருவர் ஸ்பேனரால் அதன் முதுகில் ஒன்று வைத்தால், கடைசி பெஞ்சில் தூங்குகிற பையன்போல் திடுக்கிட்டு எழுந்து எஞ்சினைச் சுற்றிவிடும். ஆகவே தினமும் காலையில் வாத்தியார் குழிக்குள், அவர் மனைவி டிரைவர் சீட்டில். ஒரு தட்டு என்றால் சாவியைத் திருப்பு. இரண்டு தட்டு என்றால் நிறுத்து. பேச்சே கிடையாது. இந்தப் பழக்கம் நாளடைவில் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. குளியலறைக் கதவில் ஒரு தட்டு என்றால் துண்டு கொண்டுவா. சாப்பாட்டு மேசையில் இரண்டு என்றால் போதும், வைக்காதே. வருகிற விருந்தாளிகள் இவர்களுக்குள் சண்டை என்று நினைத்துச் சீக்கிரம் கிளம்பிவிடுவார்கள்.

பிறகு உண்மையாகவே சண்டை வந்தது. அவர் மனைவி தன் தம்பி வீட்டு விசேஷத்துக்குப் புதுப் புடவை கட்டிக்கொண்டு, கையில் சாவியோடு, அந்த சீட்டிலேயே விசேஷம் முடிகிறவரை உட்கார்ந்திருந்தாள். கீழேயிருந்து தட்டு வந்துகொண்டே இருந்தது. கடைசியில் இறங்கி, ஆட்டோ பிடித்துத் தம்பி வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. முந்தின நாள் போன் செய்து சொல்லிவிட்டாள்.

"நாளைக்குச் சாயங்காலம் தம்பிகூட வரேன். நான் பாக்க நீங்க சாவிய திருப்பணும். ஒரே திருப்பு. தட்டக்கூடாது, தள்ளக்கூடாது. கிளம்பிச்சுன்னா இருக்கேன். இல்லன்னா மிச்சத் துணியையும் எடுத்துக்கிட்டுப் போயிடறேன். நீங்க அந்த வண்டியோடயே குடித்தனம் நடத்துங்க."

ஆகவே அந்த மேல் போல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது வெறும் மோட்டார் மட்டுமல்ல.

கரண்ட் போய்விட்டிருந்தது. ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்ததால் வெளியே மதியமாக இருந்தாலும் உள்ளே அரை இருட்டு, குழிக்குள் முழு இருட்டு. வண்டியின் அடிவயிற்றில் ஒரு கயிறு கட்டி டார்ச்சைத் தொங்கவிட்டிருந்தார். அது தானாக மெல்லச் சுற்றியபடி, ஒருமுறை பழைய எண்ணெய் கசிந்து கறுத்த குழிச்சுவரையும், ஒருமுறை சிலந்தி கூடு கட்டிய சேஸ் சட்டத்தையும், ஒருமுறை பென்சில் பிடித்துக் குனிந்திருப்பதுபோல் சுவரில் விழுந்த வாத்தியாரின் நிழலையும் காட்டிக்கொண்டிருந்தது. மேலே தகரக் கூரையில் மழை. ஈரச் சிமெண்டு, கிரீஸ், எலி, நனைந்த ரப்பர் எல்லாம் சேர்ந்த ஒரு வாசனை குழியின் அடியிலிருந்து எழுந்து, அவர் இடுப்பளவில் வந்து நின்றுவிட்டதுபோல் இருந்தது.

போன் அடித்தது. மைத்துனன். அவன் வைத்திருப்பது பட்டனை அமுக்கினால் கிளம்பும் புது வண்டி. அதை ஒரு தடவை சொல்லிக்காட்டினால் போதாது அவனுக்கு. ஒரு தடவை என்ன, பார்க்கும்போதெல்லாம் சொல்வான்.

"மாமா, மழை கொஞ்சம் விட்டதும் கிளம்பறோம். வண்டி ரெடியா?"

"ஆயிடுச்சு மாப்ளே. ஒரே ஒரு போல்ட்டு."

"போன வருஷமும் ஒரே ஒரு போல்ட்டுதானே மாமா?"

"அது வேற போல்ட்டு."

"அக்கா கேக்கறா, எங்க மெக்கானிக்க அனுப்பட்டுமான்னு."

"அனுப்பு. வந்து இந்த ஷெட்டுக்குள்ள கால வைக்கட்டும், அப்புறம் பேசிக்கலாம்."

பின்னால் அவர் மனைவியின் குரல் கேட்டது. போனில் பேசாதவரின் குரலுக்கே உரிய தெளிவோடு. "பெட்டிய நான் இன்னும் பிரிக்கலன்னு சொல்லு."

வாத்தியார் போனைக் குழியின் விளிம்பில் வைத்தார். கையைச் சந்துக்குள் விட்டார். இறுகியிருந்தது.

அவர் கோபக்காரர் இல்லை. முப்பது பிள்ளைகள் ஒரே ஆப்பிளை முப்பது உருளைக்கிழங்காக வரைந்து நீட்டினாலும் பொறுமையாகத் திருத்துவார். ஆனால் அந்த நேரம் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மணிக்கட்டில் தோல் உரிந்திருந்தது. நகக்கண்ணில் துரு. முதுகு இரண்டாகப் பிளந்துவிடும்போல் வலி. தளர்த்தினால் இறுகுகிறது, தளர்த்தினால் இறுகுகிறது. யாரோ வேண்டுமென்றே செய்வதுபோல்.

துரு இளகவேண்டுமானால் ஒரு அடி கொடுக்கவேண்டும். நீளமான இரும்புக் கம்பி ஒன்றை எடுத்துச் சந்தின் வழியாக நுழைத்து, அதன் நுனியைப் போல்ட்டின் தலையில் பொருத்தி, மறுநுனியில் சுத்தியலால் ஒன்று வைத்தார்.

ணங்.

வைத்துவிட்டு அசையாமல் நின்றார். எதற்காக நிற்கிறோம் என்று அவர் யோசிக்கவில்லை. தட்டினால் காத்திருக்கவேண்டும் என்பது அவர் உடம்புக்குத் தெரியும். வருஷக்கணக்கான காலைகள் அதைச் சொல்லிக்கொடுத்திருந்தன.

மேலே டிரைவர் சீட்டின் ஸ்பிரிங் முனகியது. முதலில் நீளமாக, பிறகு குட்டையாக. பின்னால் சாய்ந்திருக்கும் ஒருவர் சாவியை எட்டுவதற்காக முன்னால் நகரும்போது எழும் அதே முனகல். சாவி துளைக்குள் உரசுகிற சத்தம். பிறகு,

டக்.

"ஊஹூம். இன்னொரு தரம்," என்றார் வாத்தியார்.

சொல்லி முடித்த பிறகுதான், வீட்டில் வேறு யாரும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

மழைச் சத்தம் அப்படியே இருந்தது. டார்ச் சுற்றியது. அவர் மெதுவாகச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். சாவி அங்கே இருந்தது, உடம்புச் சூட்டோடு.

குழிக்கு முன்பக்கம் படி. அதில் ஏறி வெளியே வந்தார். பானெட் திறந்தபடி இருந்தது. பாட்டரியிலிருந்து கழற்றிய ஒயர், காலையில் அவர் பழைய துணி சுற்றி ஓரமாக ஒதுக்கி வைத்தபடியே இருந்தது. பாட்டரி இணைப்பே இல்லாத வண்டியில் செல்ஃப் "டக்" என்றும் சொல்லாது. அது முக்கக்கூட முடியாது. வண்டிக்குள் யாரும் இல்லை. ஆனால் கண்ணாடிகளில் ஒன்றே ஒன்று, டிரைவர் பக்கத்துக் கண்ணாடி மட்டும், உள்பக்கமாக ஆவி படிந்து வெளுத்திருந்தது.

கதவைத் திறந்தார். உள்ளே சாக்பீஸ் தூளும் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு வாசனை. பழகிய வாசனைதான், யாருடையது என்று சட்டென்று பிடிபடவில்லை. சீட்டில் உள்ளங்கையை வைத்தார்.

கதகதப்பாக இருந்தது.

பூனை, என்று முடிவு செய்தார். மழைக்கு ஒதுங்கிய பூனை. மூடிய கதவு வழியாகப் பூனை எப்படி உள்ளே போயிற்று, எப்படி வெளியே வந்தது, சாவி இல்லாமல் எதைத் திருப்பிற்று என்ற கேள்விகளை அவர் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் வேலை நின்றிருக்கும். வேலை நின்றிருந்தால் பெட்டி போயிருக்கும். ஆகவே பூனை. கதவை அறைந்து சாத்திவிட்டுக் குழிக்குள் இறங்கினார்.

போல்ட்டைத் தொட்டார். விரலால் தொட்ட மாத்திரத்தில் அது சுழன்றது. ஸ்பேனரே தேவைப்படவில்லை. வெண்ணெயில் செருகி வைத்ததுபோல் வழவழவென்று சுற்றிக்கொண்டு வந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. மறுபக்கம் இவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர், சரி, போ, என்று விட்டுவிட்டதுபோல்.

அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இதை முன்பே செய்தால் என்ன?

பழைய செல்ஃபை மார்போடு அணைத்து இறக்கினார். தூங்கிப்போன குழந்தையின் கனம். அதைத் தலைக்கு மேல் தூக்கி ஷெட்டுத் தரையில் உருட்டிவிட்டுப் புதியதை எடுத்துக்கொண்டார். பொருத்தினார். கீழ் போல்ட்டு சமர்த்தாகப் போயிற்று. ஒயர்களும் போயின. இனி மேல் போல்ட்டு.

முதல் தடவை அது விரலிலிருந்து நழுவி, புகைக்குழாயில் மோதி, குழியின் மூலையில் தேங்கியிருந்த எண்ணெய்த் தண்ணீரில் விழுந்தது. தவழ்ந்து தேடி எடுத்தார். இரண்டாம் தடவை அவர் சட்டைக்குள் விழுந்து முதுகு வழியாக இறங்கியது. அதை எடுக்க அவர் ஆடிய ஆட்டத்தை யாரும் பார்க்கவில்லை என்பதே அன்றைக்குக் கிடைத்த ஒரே ஆறுதல். வெளியே மழை குறைவதுபோல் இருந்தது. மழை விட்டதும் கிளம்பறோம் என்று அவன் சொன்னது காதில் ஓடியது. மூன்றாம் தடவை விரல் நுனியில் கிரீஸைத் தடவி, அதில் போல்ட்டை ஒட்டிக்கொண்டு, கையைச் சந்துக்குள் செலுத்தினார். கன்னம் கியர் பெட்டியில். கண் மூடி. விரல்கள் மேலே, இன்னும் மேலே, துளையைத் தேடி.

அப்போது யாரோ அதை வாங்கிக்கொண்டார்கள்.

பறிக்கவில்லை. பந்தியில் கரண்டியைக் கைமாற்றி வாங்குவதுபோல் பதவிசாக வாங்கிக்கொண்டார்கள். ஒரு கட்டைவிரல், ஒரு ஆள்காட்டி விரல், ஒரு நடுவிரல். நடுவிரலின் பக்கவாட்டில், பென்சில் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன ஒரு மேடு.

உண்மையைச் சொல்லவேண்டும் அல்லவா? அந்த ஒரு கணம் வாத்தியாருக்கு வந்தது பயமே இல்லை. அப்பாடா, என்றிருந்தது. காலையிலிருந்து ஒற்றை ஆளாக மல்லுக்கு நின்றவருக்கு, மேலே ஒருவர் பிடித்துக்கொண்டால் எப்படி இருக்கும்? அப்படி.

பிறகு பயம் வந்தது.

மேலே போல்ட்டு திரும்புகிற சத்தம். கிரீச். ஒரு இடைவெளி. கிரீச். மணிக்கட்டை மாற்றிப் பிடிக்கிற இடைவெளி. அவர் எடுத்துக்கொள்கிற அதே இடைவெளி. கையை இழுத்தார். வரவில்லை. முழங்கை சந்தில் மாட்டியிருந்தது. கண்ணைத் திறந்தார். துரு விழுந்தது. கிரீச். மீண்டும் இழுத்தார். கிரீச். கடைசியாக ஒரு முக்கல், ஒரு கால் சுற்று அதிகம்.

அமைதி.

குளிர்ந்த விரல் ஒன்று அவர் புறங்கையில் மெல்லத் தட்டியது. இன்னொரு முறை தட்டியது.

இரண்டு தட்டு. நிறுத்து.

கையைப் பிய்த்துக்கொண்டு வெளியே எடுத்தார். தோல் போயிற்று. ரத்தம் முழங்கை வரை வழிந்தது. படியை நோக்கித் திரும்பினார். கால் நகரவில்லை. முழங்கால் வரை குழியோடு சேர்த்துப் பூசிவிட்டதுபோல் இருந்தது. மேலே பாட்டரி ஒயரை யாரோ பூட்டுகிற சத்தம். பானெட் விழுந்து சாத்திக்கொண்டது. அப்புறம் கார்க் கதவு. திறந்தது. சாத்திக்கொண்டது. ஸ்பிரிங் முனகியது. நீளமாக. பிறகு குட்டையாக.

வெளியே ஹாரன்.

வந்துவிட்டார்கள். வாத்தியாருக்கு உயிர் வந்தது. ஷட்டரை யாரோ முழுவதும் ஏற்றினார்கள். சக்கரங்களுக்கு நடுவில் சாம்பல் வெளிச்சம். அதில் மைத்துனனின் பளபளக்கும் ஷூ. அதன் பக்கத்தில் அவள் செருப்பு. சொட்டும் குடையின் நுனி. இவ்வளவு பக்கத்தில். கையை நீட்டினால் தொட்டுவிடலாம்.

"என்னங்க?" என்றாள்.

"இந்தாம்மா, நான் இங்க இருக்கேன்!" என்று வாத்தியார் கத்தினார்.

தொண்டை விடைத்தது. நாக்கு அசைந்தது. உதடு பிரிந்தது. ஆனால் குரல் அவரிடமிருந்து வரவில்லை. டிரைவர் சீட்டிலிருந்து வந்தது. கத்தலாக இல்லை. சாவகாசமாக.

"இந்தாம்மா, நான் இங்க இருக்கேன்."

"தெரியுதே. கண்ணாடிய ஏத்திவிட்டுக்கிட்டு உள்ள என்ன தவமா? திருப்புங்க, பாக்கலாம். தட்டக்கூடாது."

"தள்ளவும் கூடாது மாமா," என்றான் மைத்துனன். "நான் புதுச் சட்டை போட்டிருக்கேன்."

சாவி திரும்பியது.

வாத்தியாரின் முகத்துக்கு ஒரு சாண் மேலே, அவர் கையால் பொருத்திய மோட்டார் விர்ரென்று பற்றிக்கொண்டது. எஞ்சின் கிளம்பிவிட்டது. ஒரே திருப்பு. இருமவில்லை, முனகவில்லை. அந்தச் சத்தத்துக்காக அவர் எத்தனை வருஷம் ஏங்கியிருந்தார்! குழி முழுவதும் அதிர்ந்தது.

"அடேங்கப்பா! மாமா, கைய குடுங்க மாமா!"

அவள் செருப்பு வண்டியை நோக்கி ஓரடி நகர்ந்தது. அவள் குரல் இளகியிருந்தது. அந்தக் குரலை அவர் கேட்டே ரொம்பக் காலமாகிவிட்டது.

"செஞ்சுட்டீங்களே," என்றாள்.

அந்த வார்த்தை குழிக்குள் இருக்கும் வாத்தியாருக்குத்தான் சேரவேண்டும். ரத்தம் சொட்டுகிற இந்தக் கைக்கு. ஆனால் அவள் செருப்பு திரும்பியிருந்த பக்கம் வேறு.

மறுபடி வாய் திறக்க நினைத்தார். திறக்கவில்லை. திறந்தால் மேலே இருப்பவனுக்கு வேலை சுலபம். கீழே கிடந்த ஸ்பேனரைத் தடவி எடுத்தார். அவளுக்குத் தெரியும். உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். சேஸில் ஓங்கி வைத்தார்.

ணங். ணங்.

செருப்பு நின்றது.

"என்ன சத்தம் அது?"

ணங். ணங். நிறுத்து. நிறுத்து. ஏறாதே.

"மழை," என்றது வாத்தியாரின் குரல். வாத்தியார் வாய் மூடியே இருந்தது. "தகரத்துலேருந்து சொட்டுது."

செருப்பின் முனை குழிப்பக்கமாகத் திரும்பியது. குடையின் நுனி ஒரு கணம் தரையைத் தடவியது. குனியப்போகிறாள். குனி. குனிந்துவிடு.

பிறகு சிரித்துவிட்டாள். "பாத்தியாடா தம்பி, இத்தனை வருஷமா கேட்டுக் கேட்டு எனக்கு இன்னும் காதுல தட்டுற சத்தமே கேக்குது. பெட்டிய உள்ள வச்சிடு. நாங்க ஒரு சுத்து போயிட்டு வரோம்."

அந்தப் பக்கத்துக் கதவு திறந்தது. செருப்பு ஒவ்வொன்றாகத் தரையை விட்டு மேலே போயிற்று. கதவு சாத்திக்கொண்டது.

வண்டி நகர்ந்தது. அச்சு, குழாய், டாங்கி எல்லாம் ஒவ்வொன்றாக அவர் தலைக்கு மேல் கடந்தன. பிறகு வெளிச்சம் கண்ணைக் கூசியது. குழியின் விளிம்புக்கு மேல், வாசலில் நின்று உறுமிக்கொண்டிருந்த வண்டியின் பின்கண்ணாடி தெரிந்தது. உள்ளே இரண்டு தலை. அவளுடையது ஒன்று. இன்னொன்றின் உச்சியில் வட்டமாக ஒரு வழுக்கை. முடிவெட்டுக் கடையில் பின்னால் கண்ணாடி பிடித்துக் காட்டுவார்களே, அதில் மட்டும் அவர் பார்த்திருந்த வழுக்கை.

மைத்துனன் பெட்டியை வீட்டுக்குள் வைத்துவிட்டு ஷெட்டுக்கு வந்தான். குழியின் ஓரத்தில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தான். நேராக வாத்தியாரைப் பார்த்தான். வாத்தியார் ரத்தக் கையைத் தூக்கினார். தூக்கியதாகத்தான் நினைத்தார்.

மைத்துனன் முகம் சுளித்தான். வாசல் பக்கம் திரும்பிக் கத்தினான்.

"மாமா, பழைய செல்ஃப் குழிக்குள்ள கெடக்குது. எண்ணெயா ஒழுகுது. எடுத்து வெளிய போடவா?"

"கெடக்கட்டும் மாப்ளே," என்றது வாத்தியாரின் குரல். "அது இனிமே எதுக்கு? மேல பலகைய போட்டு மூடு. யாராவது விழுந்து வைக்கப்போறாங்க."

பலகை வந்தது. ஒன்று. அடுத்தது. வெளிச்சம் பட்டையாகக் குறைந்தது. பிறகு கோடாக. மண் உதிர்ந்து கண்ணில் விழுந்தது. வெளியே அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பலகை. கோடும் போயிற்று.

வாத்தியார் இருந்த பலத்தையெல்லாம் திரட்டி, வாயைத் திறந்தார்.

டக்.

நடந்தது இவ்வளவுதான். சொல்ல விட்டுப்போனது ஒன்று உண்டு. வாத்தியாரின் கார் மிகவும் பழைய ரகம். அதற்குச் செல்ஃப் என்று ஒன்று கிடையவே கிடையாது. முன்னால் இரும்புக் கம்பியை நுழைத்து, கையால் சுற்றித்தான் கிளப்புவார். இதை எழுதும்போதே என் வாயில் ஒரு பல் லேசாக ஆடுகிறது.